கயிறு பிடித்த குழந்தைகள்

பால்வாடி வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "குழந்தைகளை எப்படியம்மா சொன்னபடி கேட்க வைக்கிறது?" முகத்தைப் பார்த்தாலே தெரியும். அன்றைக்கு ஒன்று புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்திருக்கும், இன்னொன்று கையைக் கடித்திருக்கும். எனக்கு உங்கள்மேல் இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. சொன்னபடி கேளாத குழந்தைகளிடம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. என் முட்டி தேய்ந்தது அவர்கள் உபயம். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் உடம்பெல்லாம் நடுங்கி உட்கார்ந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்குக் குழந்தைகள் எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள்.

அதை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். நடுவில் எங்கேயாவது சலிப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், சலிப்பு எனக்கு இந்த வேலை கொடுத்த பென்ஷன்.

யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கிடங்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்தில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிய சமயம். இங்கே சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் மண் சுமக்கக் கூடையோடு வந்தார்கள். அவர்களில் பலர் போன போகம்வரை அதே நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. நட்ட இடத்திலேயே இப்போது மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள்.

கைக்குழந்தைகளை வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிடலாம். நடக்கக் கற்றதுகள்தான் தொல்லை. லாரி வரும் தடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுண்ணாம்புக் குழியை எட்டிப் பார்க்கும். தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி ஓடிப் போனதில் வேலை கெட்டது. அதனால் கான்ட்ராக்டர் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, பார்த்துக்கொள்ள என்னையும், ஆயாவாக நாகம்மாவையும் வைத்தார். குழந்தைகள்மேல் உள்ள பிரியத்தால் போட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அந்த மட்டில் நல்ல மனிதர்.

நான் மேனாம்பேட்டிலிருந்து விடியலில் கிளம்பி அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலில் ஆவடிக்குப் போய், அங்கிருந்து மறுபடி நடப்பேன். சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பட்டணத்தில் சில மாதம் படித்திருந்தேன். அங்கே வழவழப்பான மரக்கட்டைகள், வண்ண மணிகள், குட்டி நாற்காலிகள் எல்லாம் இருந்தன. இங்கே இருந்தது கொட்டாங்கச்சி, மணல், ஒரு தொட்டித் தண்ணீர். புளியங்கொட்டை கொடுத்துப் பார்த்தேன். முதல் நாளே ஒருத்தன் மூக்குக்குள் தள்ளிக்கொண்டான். நாகம்மா தன் இடுப்பிலிருந்த மூக்குப்பொடியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். ஒரே தும்மல். கொட்டை என் மடியில் வந்து விழுந்தது. அத்தோடு புளியங்கொட்டைப் பாடம் முடிந்தது.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்றால், வேலைச் சங்கு ஊதும் முன்பே தாய்மார் குழந்தைகளை இறக்கிவிட்டு ஓடுவார்கள். திரும்பிப் பார்த்தால் கால் வராது என்பார்கள். அழுகிறதுகளைச் சமாதானப்படுத்திக் குளிப்பாட்டி, காடாத்துணிக் கவுன் மாட்டி, பேன் பார்த்து முடிப்பதற்குள் எங்களுக்கே குளித்ததுபோல் ஆகிவிடும். பிறகு மணலும் தண்ணீரும். ஒரு குழந்தை கொட்டாங்கச்சியில் மொண்டு இன்னொன்றில் ஊற்றும். சிந்தும், மறுபடி மொள்ளும். காலை முழுக்க அதையே செய்யும். சும்மா விளையாடுகிறது என்று ஓவர்சியர் நினைத்துக்கொண்டு போவார். அதன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

அப்புறம் கஞ்சி. நான் கொட்டகை வாசலில் என் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலுமினியத் தட்டுகளை ஒன்றோடொன்று தட்டுவேன். எந்த மூலையில் இருந்தாலும் வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். கஞ்சிக்கு அப்புறம் தாய்மார் பால்கொடுக்க வந்து போவார்கள். உச்சி வெயிலில் பாயில் தூக்கம். எழுந்ததும் மறுபடி அழுகை, மணல், அடிதடி. சாயந்திரம் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

இந்த வயதுக் குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று நான் தெரிந்துகொண்டது ஒரு சின்ன விஷயத்தில். கஞ்சிக்கு முன் கை கழுவிவிட்டு, தூணில் தொங்கும் துணியில் துடைப்போம். ஒருநாள் துணி ஈரமாக இருந்ததென்று நாகம்மா வெளியே காயப்போட்டுவிட்டாள். கை கழுவிய குழந்தைகள் ஈரக்கையை நீட்டிக்கொண்டு தூணுக்கு எதிரே நின்றன. "வாங்க, கஞ்சி ஆறுது" என்றேன். வரவில்லை. தட்டு தெரிகிறது, பசி இருக்கிறது, ஆனால் துடைக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஒன்று அழ ஆரம்பித்தது. நான் என் புடவைத் தலைப்பைத் தூணில் சுற்றி நின்றுகொண்டேன். ஒவ்வொன்றாக வந்து அதில் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தன. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் வந்தும் சொல்லிச் சிரித்தேன். நடுவில் ஒரு படி எடுபட்டால் மற்றது எதுவுமே அவர்களுக்கு நடக்காது என்பது, சிரிக்கும் விஷயமாக மட்டும் மனதில் தங்கியது.

வெயில் காலத்தில் குண்டுவீச்சு ஒத்திகை தொடங்கியது. வேலையிடத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை விடாமல் அடித்தால் எல்லாரும் பதுங்கு பள்ளத்தில் இறங்கிவிட வேண்டும். எங்களுக்கென்று கொட்டகைக்குப் பின்புறம் ஒரு பள்ளம் வெட்டி, குழந்தைகள் இறங்கச் சரிவும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேர் எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? அதுகளாகவே போனால்தான் உண்டு. குண்டு என்றால் இரண்டு வயதுக்கு என்ன தெரியும்? பருந்து தெரியும். கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கிப் போனதை எல்லாக் குழந்தையும் பார்த்திருக்கும்.

ஆகவே பருந்து விளையாட்டு. ஒரு நீளக் கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டேன். குழந்தைக்கு எட்டும் உயரத்தில், கொட்டகையைத் தாங்கும் நடுக்காலில் ஒரு முளை அடித்து மாட்டினேன். தண்டவாளச் சத்தம் கேட்டால் பருந்து வருகிறது. ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றை விடாமல் நடந்து பள்ளத்தில் இறங்கிக் குந்த வேண்டும், இரண்டு காதையும் பொத்திக்கொள்ள வேண்டும். நான் பின்னாலேயே "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டு ஓடி வருவேன். கடைசியில் நாகம்மா "பருந்து பூடுச்சு!" என்பாள். எல்லாம் கிளுக்கென்று சிரித்துக்கொண்டு எழுந்திருக்கும். தினமும் விளையாடினோம். தூக்கத்தில் இருந்தால்கூட, அடி விழுந்ததும் எழுந்து முளையை நோக்கி நடக்கும்படி பழகிவிட்டன. இஞ்சினீயர் துரையின் மனைவி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுக் கை தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் முடிச்சு எல்லப்பனுக்கு. நாள் முழுக்க அழுகிற குழந்தை அவன். கஞ்சியைத் தொட மாட்டான், தட்டை வைத்தால் தள்ளிவிடுவான். அம்மா வந்து பால் கொடுத்தால்தான் உண்டு. அவன் அம்மா கன்னியம்மா, மண்மேட்டில் இருப்பதிலேயே பெரிய கூடையைச் சுமப்பவள், யாரிடமும் அதிகம் பேசாதவள். எல்லப்பன் அழுகையை நிறுத்துவது பருந்து விளையாட்டுக்கு மட்டும்தான். அதற்காகவே அவனை முன்னால் விட்டேன். அவனுக்கு அடுத்த முடிச்சு பச்சையம்மாவுக்கு. அவள் சரியான சாப்பாட்டு ராணி. தன் கஞ்சியைக் குடித்துவிட்டு எல்லப்பன் தள்ளிவிட்டதையும் வழித்துக் குடிப்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒத்திகையை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பள்ளத்தில் தண்ணீர் ஏறி, சரிவின் மேல் விளிம்புவரை வந்து நின்றது. பார்த்தால் தரையில் தேங்கிய மழைத்தண்ணீர் போலத்தான் இருக்கும். உள்ளே பெரியவர்களுக்கே மார்பளவு. குழந்தைகளைப் பின்பக்கம் விடக்கூடாது என்று நானும் நாகம்மாவும் சொல்லிக்கொண்டோம். மழைக்கு அதுகளும் வெளியே போகவில்லை. கயிறு மட்டும் அதன் முளையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒத்திகை நின்ற பிறகு அது எங்களுக்கு வெறும் கயிறு. எடுத்து மேலே வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது. மழைக்குத் தூளியிலிருந்து இறக்கி எங்களிடம் விட்டிருந்த, காய்ச்சல் கண்ட ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டு, நான் வாயில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். நாகம்மா அடுப்படியில் இருந்தாள். அப்போது அந்தப் பக்கம் மண்மேடு சரிந்தது. ஆட்களைக் கூப்பிட மேஸ்திரி தண்டவாளத்தை அடித்தார். விடாமல் அடித்தார். நாகம்மாவின் புருஷன் அந்த மேட்டில்தான் வேலை செய்தான். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு, "ஐயோ, எம் புருசன்!" என்று ஓடினாள். நானும் கழுத்தை நீட்டி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் பாய் காலி. முளையில் கயிறு இல்லை.

பின்வாசல் வழியாகப் பார்த்தேன். தூறலில், காடாத்துணிக் கவுன்களோடு, வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆளுக்கொரு முடிச்சு. தள்ளுமுள்ளு இல்லை, அழுகை இல்லை. அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை. முன்னால் எல்லப்பன். அவனுக்கு எதிரே, தரையோடு தரையாக, அந்தத் தண்ணீர்.

மடியிலிருந்த குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு ஓடினேன். "நில்லுங்க! எல்லப்பா, நில்லு!" என்று கத்தினேன். குழந்தைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. சிரித்துவிட்டு இன்னும் வேகமாக நடந்தன. ஏன் நடக்காது? ஒத்திகையில் தினமும் நான் பின்னால் கத்திக்கொண்டு ஓடியவள்தானே. நான் கத்தக் கத்த அதுகளுக்கு விளையாட்டு சரியாக நடக்கிறது என்று அர்த்தம். சேற்றில் வழுக்கி விழுந்தேன். எழுந்து, "பருந்து பூடுச்சு! பருந்து பூடுச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

அந்த வார்த்தையை அவர்கள் கேட்டதெல்லாம் பள்ளத்துக்குள் குந்தி, காதைப் பொத்தியிருக்கும்போதுதான். நடந்துகொண்டிருக்கும்போது அது அவர்களுக்கு வெறும் சத்தம். எனக்குத் தூணுக்கு எதிரே ஈரக்கையோடு நின்ற குழந்தைகள் ஞாபகம் வந்தன. நடுவில் ஒரு படியை விட்டுத் தாண்டி இதுகள் வராது. பள்ளத்தில் இறங்கிக் குந்தினால்தான் இந்த விளையாட்டு முடியும். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்றால், நான் எட்டுவதற்குள் முன்னால் இருப்பவன் தண்ணீரில் இருப்பான். கயிற்றை விடாதே என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் போனால் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கும்.

குழந்தைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். பெண்களே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்கள் மேலதிகாரி சொல்லித் தருவார். தண்ணீரை நோக்கிப் போகிற குழந்தைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்ப, என் கால் ஒப்பவில்லை. தலை சொல்கிறது, உடம்பு மாட்டேன் என்கிறது. எப்படித் திரும்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொட்டகைக்குள் பாய்ந்து தட்டுகளை வாரிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். நின்றுகொண்டு தட்டக்கூடாது; நான் என்றைக்கும் நின்றுகொண்டு தட்டியதில்லை. ஆகவே உட்கார்ந்தேன். சம்மணம் போட்டு, தினமும் உட்காருவதுபோலவே உட்கார்ந்து, தட்டினேன். கத்தவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சத்தம் வேறு மாதிரி கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒரே தாளத்தில், தினப்படி தட்டுகிற மாதிரியே தட்டினேன்.

கடைசியில் இருந்த குட்டி முதலில் நின்றது. தலையைத் திருப்பியது. முடிச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நடந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு கொத்தாக நாலைந்து. எல்லாம் வந்து என் எதிரே சேற்றுக்காலோடு உட்கார்ந்தன. ஆனால் எல்லப்பன் நிற்கவில்லை. தட்டுச் சத்தம் அவனுக்கு ஒரு பொருட்டா? கஞ்சி குடித்திருந்தால்தானே. நடந்துகொண்டே இருந்தான். தண்ணீருக்கும் அவனுக்கும் இடையில் ஒரு பெரிய ஆள் காலை நீட்டிப் படுக்கிற இடம்கூட இல்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். நிறுத்திவிட்டு ஓடினால் வந்ததுகளும் எழுந்து என் பின்னால் ஓடி வரும்.

பச்சையம்மா நின்றாள். ஒரு காதில் தண்டவாளம், ஒரு காதில் தட்டு. யோசித்தாள் என்றே சொல்வேன். பிறகு கஞ்சி என்று முடிவு கட்டித் திரும்பி ஓடி வந்தாள். அவள்தான் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடிக்கிற ரகம் ஆயிற்றே, கயிற்றை விடவில்லை. முடிச்சைப் பிடித்த கையோடு ஓடி வந்தாள். முதல் முடிச்சைப் பிடித்திருந்த எல்லப்பனும் விடவில்லை. உட்காரும்வரை விடாதே என்றுதானே நான் சொல்லியிருந்தேன். கயிறு இழுத்த இழுப்பில் அவன் கால் வழுக்கி, பின்பக்கமாகப் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தான். குதிகால் தண்ணீரில் இருந்தது. ஓவென்று அழுதான். அவன் அழுகையைக் கேட்டுச் சலித்துப்போயிருந்த நான், அன்றைக்கு அதைக் கேட்டு நானும் சேர்ந்து அழுதேன். அழுதுகொண்டே தட்டினேன்.

இதையெல்லாம் மேட்டின்மேலிருந்து கன்னியம்மா பார்த்துவிட்டாள். அவள் பார்த்தது என்ன? மகன் பள்ளத்துக்குப் போகிறான், டீச்சர் உட்கார்ந்து தட்டு தட்டிக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் பார்த்தாள். ஓடி வந்து அவனை வாரி எடுத்தாள். எடுத்த கையோடு என்னிடம் வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"புள்ள தண்ணில வியப்போறான், நீ இன்னாத்துக்கு தட்ட தட்டிகினு குந்திகினு கீற? நீயும் ஒரு பொம்பளையா?"

"கன்னியம்மா, நான் ஓடினா அதுங்க இன்னும்…"

"பேசாத! ஒண்ணியும் பேசாத! எம் புள்ளைய எனுக்குப் பாத்துக்கத் தெரியும். மண்ணு தின்னாலும் எங் கண்ணு முன்னால தின்னட்டும்."

அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாலும் யார் நம்புவார்கள்? மண்மேட்டில் ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு வண்டிமாட்டுக்குத்தான் கால் ஒடிந்தது. நாகம்மா திரும்பி வந்து விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஓவர்சியர் கூப்பிட்டு, குழந்தைகளுக்கு எட்டுகிற மாதிரி கயிற்றை மாட்டச் சொன்னது யார் என்று கேட்டார். கை தட்டிய துரைசானியைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. பள்ளத்தைச் சுற்றி மூங்கில் வேலி போட்டார்கள். என்னை அனுப்பிவிடவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

கற்றுக்கொடுப்பதைவிடக் கற்றதை மறக்கவைப்பது பெரும்பாடு. அதற்கப்புறம் ஆட்களைக் கூப்பிடத் தண்டவாளம் அடிக்கும்போதெல்லாம் குழந்தைகள் எழுந்து நடுக்காலுக்கு வந்தன. கயிற்றைப் பரணில் போட்டுவிட்டேன். கயிறு இல்லாமலே வரிசையாக நின்றன, இல்லாத முடிச்சைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு. தண்டவாளம் அடித்தால் என் மடியில் வந்து விழ வேண்டும் என்று புதிதாக ஒரு விளையாட்டு கட்டினேன். எத்தனை நாள் என்று கணக்கு வைக்கவில்லை. மார்கழிப் பனி போய் வெயில் ஏறத் தொடங்கியபோது, ஒவ்வொன்றாகப் பழையதை மறந்து மடிக்கு வந்துவிட்டன. என் இடுப்பு ஒடிந்துபோனது. அந்த வலி இன்னும் இருக்கிறது.

மறக்காதது எல்லப்பன் ஒருவன். மறக்கவைக்க அவன் எங்களிடம் இருந்தால்தானே. கன்னியம்மா அவனை மண்மேட்டிலேயே, தன் முந்தானையின் கிழிசல் துண்டால் இடுப்பில் ஒரு கட்டுக் கட்டி, மரத்தடியில் விட்டு வைத்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று ரயிலில் எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு போவேன்.

கோடையில் ஜல்லி லாரிகள் வர ஆரம்பித்தன. மேட்டுப் பக்கம் குழந்தைகளைக் கொண்டுவரக்கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒருநாள் காலை கன்னியம்மா வந்தாள். எல்லப்பனை வாசலில் இறக்கினாள். என்னைப் பார்க்காமல், நாகம்மாவைப் பார்த்து, "கஞ்சி குடிக்க மாட்டான். மத்தியானம் நான் வரேன்" என்றாள். அதற்குள் ஒத்திகை என்கிற பேச்சே அடங்கி, எங்கள் பள்ளத்தைத் தூர்த்துத் தரையோடு தரையாக்கிவிட்டிருந்தார்கள். வேலியும் இல்லை. புல்கூட முளைக்கத் தொடங்கியிருந்தது.

மத்தியானம் அவள் பால்கொடுக்க வந்த நேரத்தில் ஏதோ காரணத்துக்குத் தண்டவாளம் அடித்தது. மற்ற குழந்தைகள் என் மடிக்கு வந்தன. எல்லப்பன் அம்மாவின் மடியிலிருந்து நழுவினான். ஒரு கையை மூடிக்கொண்டு, கயிறு பிடித்தவன்போல, நேரே பின்வாசல் வழியாக நடந்தான். பள்ளம் இருந்த இடத்துக்குப் போனான். சம தரையில் குந்தினான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

கன்னியம்மா பின்னாலேயே ஓடினாள். "டேய், எயுந்து வாடா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கதறினான், வெடவெடவென்று நடுங்கினான், எழுந்திருக்கவில்லை. தூக்கிப் பார்த்தாள். இறங்கி மறுபடி அதே இடத்தில் குந்தினான். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அத்தனை மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"இன்னா சொன்னா எயுந்துப்பான்?"

நானே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவளே சொல்லட்டும் என்று தோன்றியது.

"பக்கத்துல குந்து. காதைப் பொத்திக்கோ. அப்புறம் 'பருந்து பூடுச்சு'ன்னு சொல்லு."

அவள் அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். மண் ஒட்டிய கையால் காதைப் பொத்திக்கொண்டாள். "பருந்து பூடுச்சு, நைனா" என்றாள். எல்லப்பன் கையை எடுத்தான், அவளைப் பார்த்தான், கிளுக்கென்று சிரித்துக்கொண்டு எழுந்தான். அவள்தான் எழுந்திருக்கவில்லை. குந்தினபடியே கொட்டகைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து பின்வாசல் நேராகத் தெரியும்.

"அங்கியா குந்திகினு இருந்தே?"

"ஆமாம்."

"தட்டு சத்தம் இங்க வரிக்கும் கேட்டுச்சா?"

"எல்லாத்துக்கும் கேட்டுது. இவன் காதுலதான் ஏறல. பச்சையம்மா கயித்தோட ஓடி வந்தா. அதுலதான் இவன் பின்னால வியுந்தான்."

அவள் எல்லப்பன் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "எந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். காட்டினேன். பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து யாருடைய தட்டையோ வழித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கன்னியம்மா எல்லப்பனை இறக்கிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்தாள். யுத்த காலத்தில் வெல்லம் சுலபமாகக் கிடைக்கிற சாமானா? அதைப் பச்சையம்மாவின் கையில் வைத்து, அவள் தலையைத் தடவிவிட்டு, என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எதிர்பார்த்தேன். நன்றாகவே எதிர்பார்த்தேன். முகம் தொங்கிப்போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

பச்சையம்மா வெல்லத்தைப் பாதிக்குமேல் கடித்து மென்றாள். மீதியைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, எச்சில் ஒழுகுகிற அந்தத் துண்டை என் வாயில் திணித்தாள். தின்றேன்.